பிரயாணச் சீட்டும் சமூக நீதியும்

ஒரு நகரத்தின் போக்குவரத்து அந்நகர மக்கள் அனைவருக்கும் பொதுவானது. ஆயின், அதன் வாயில் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கின்றதா என்னும் வினா, பிரயாணச் சீட்டைப் பற்றிய ஆராய்ச்சியில் முதற்கண் எழுகின்றது. சீட்டு, கட்டணஞ் செலுத்தியமைக்கான அத்தாட்சி மட்டுமன்று. யார் ஏறலாம், யார் ஏறலாகாது என்பதைத் தீர்மானிக்கும் கருவியும் அதுவே.

பஸ்ஸுக்கு ஒரு சீட்டு, றெயிலுக்கு வேறொரு சீட்டு என்ற நிலையை மாற்றி, ஓர் அட்டையாலேயே இரண்டிலும் பிரயாணஞ் செய்யும் ஏற்பாட்டை ஹொங்கொங் 1997இல் ஒக்டோபஸ் அட்டை மூலமும், இலண்டன் 2003இல் ஒயிஸ்டர் அட்டை மூலமும் நடைமுறைப்படுத்தின. இதனால் விளைந்த பயன் நேரச் சிக்கனம் மட்டுமன்று. மொத்தப் பணங்கொடுத்து வாரச்சீட்டு வாங்க வல்லவன் குறைந்த செலவிற் பிரயாணஞ் செய்தான். அன்றாடம் உழைத்துண்பவனோ ஒவ்வொரு முறையும் தனித்தனியே கொடுத்து, ஈற்றில் அவனிலும் கூடுதலாகச் செலுத்த நேர்ந்தது. இதனை வறுமைக்கு விதிக்கப்பட்ட தண்டம் எனலாம். இலண்டனில் 2005இல் ஒயிஸ்டர் அட்டைக்குப் புகுத்தப்பட்ட நாளாந்தக் கட்டண உச்சவரம்பு இவ்வநீதியை ஓரளவு களைந்தது. ஒருவர் ஒரு நாளில் எத்தனை முறை பிரயாணஞ் செய்யினும் குறித்த தொகைக்கு மேல் அறவிடப்படுவதில்லை. மலிவான சீட்டு எதுவென்று முன்கூட்டியே கணக்கிடும் சுமை பிரயாணியை விட்டு நீங்கியது.

எனினும், மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 2014 யூலையில் இலண்டன் பஸ்களிற் காசு பெறுவது நிறுத்தப்பட்டது. கையிற் காசிருந்தும் அட்டையில்லாதவன் பஸ்ஸில் ஏறமுடியாதவனானான். அட்டையில் மீதி போதாதவர் மேலும் ஒரு முறை ஏறலாம் என்ற சலுகை அவ்வேளையில் வழங்கப்பட்டமை, இவ்விடர்ப்பாட்டை நிர்வாகமும் உணர்ந்திருந்தது என்பதைக் காட்டுகின்றது.

அடுத்தது அந்தரங்கம் பற்றியது. காகிதச் சீட்டு கிழித்தெறியப்பட்டதும் அதன் கதை முடிந்துவிடும். அட்டையோ போன இடத்தையும் நேரத்தையும் பதிந்து வைக்கின்றது. ஹொங்கொங்கில் ஒக்டோபஸ் அட்டையோடிணைந்த வெகுமதித் திட்டத்திற் சேர்ந்த ஏறத்தாழ 20 இலட்சம் பேரின் சொந்த விபரங்கள் வணிக நிறுவனங்களுக்கு விற்கப்பட்டமை 2010இல் அம்பலமாயிற்று. பேணி வைத்த விபரம் பண்டமாகவும் மாறலாம் என்பதற்கு இதுவே சான்று.

குற்றஞ் செய்யாதவன் அஞ்சவேண்டியதில்லை என்பர் சிலர். அச்சம் இங்கே பிரச்சினையன்று. பிரயாணி கட்டணத்தைக் கொடுக்க உடன்பட்டானேயன்றித் தன் வாழ்க்கைக் குறிப்பைக் கொடுக்க உடன்படவில்லை.

அவ்வாறாயின் அட்டையைக் கைவிடுவதா? அதுவும் பொருந்தாது. உச்சவரம்பு என்னும் நீதி நிலைபெற வேண்டுமாயின் அன்றைய பிரயாணங்கள் கணக்கில் இருந்தேயாக வேண்டும். ஆனால், அக்கணக்குக்கு அட்டையின் இலக்கம் போதும். ஆளின் பெயர் வேண்டியதில்லை. இலண்டனிற் பெயரைப் பதியாமலே ஒயிஸ்டர் அட்டையைப் பயன்படுத்த முடிவது இதனை நிரூபிக்கின்றது. ஆகவே, வசதியும் அந்தரங்கமும் இயல்பாகவே பகைகொண்டவை அல்ல. தேவைக்கு மேற்பட்ட விபரத்தைத் திரட்டும் ஆசையே அவற்றைப் பகையாக்குகின்றது. ஒரு சீட்டுமுறையின் சிறப்பை அளக்க விரும்புவோர், அது எத்துணை விரைவாகக் கதவைத் திறக்கின்றது என்பதோடு, எவருக்கு அதனைத் திறக்க மறுக்கின்றது, திறந்தபின் எதனைக் குறித்து வைக்கின்றது என்பவற்றையும் வினவுதல் வேண்டும்.