கையில் வேறு வேலை இல்லாமல்



ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே சிலருக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். விடிந்தால் திங்கள். அதே மேனேஜர், அதே மீட்டிங், அதே ஏச்சு. ‘பேசாமல் பேப்பர் போட்டுவிட்டு வந்துவிடலாமா’ என்று தோன்றும். வீட்டில் வாயைத் திறந்தால் அப்பா கேட்பார், “இன்னொரு வேலை கையில இருக்கா?” அதோடு பேச்சு முடிந்துபோகும். நண்பனிடம் சொன்னால், “தூக்கிப் போட்டுட்டு வாடா, பார்த்துக்கலாம்” என்பான்.

இரண்டு பேரும் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவரும் பதில் சொல்வது வெவ்வேறு கேள்விக்கு. இந்த வேலையை விட வேண்டுமா என்பது ஒன்று. எப்போது விடுவது என்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் பத்து வருஷம் புழுங்கிக்கொண்டே இருக்கிறார்கள், சிலர் ஒரு கோபத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு மூன்றாவது மாதம் நகையை அடகு வைக்கிறார்கள்.

முதல் கேள்விக்குப் பணத்தைக் கொண்டுவராதீர்கள். இதே வேலையை, இதே சம்பளத்துக்கு, வேறொரு அலுவலகத்தில் கொடுத்தால் செய்வீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். செய்வேன் என்றால் உங்களுக்கு அலுத்தது தொழில் இல்லை, அந்த இடம்தான். இருந்த இடத்திலிருந்தே வேறு இடம் தேடலாம். அதற்காக அவசரப்பட்டு வெளியே வந்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் தூக்கம் போய், ரத்தக் கொதிப்பு ஏறி, அலுவலக வாசலிலேயே கை நடுங்குகிறது என்கிறவரிடம் ‘இன்னொன்று கிடைக்கும்வரை பொறு’ என்று நான் சொல்ல மாட்டேன். அவர் வெளியே வரலாம். ஒன்று மட்டும், ராஜினாமாவுக்கு முன்னால் மருத்துவரைப் பார்த்து மருத்துவ விடுப்பு எடுக்க முடியுமா என்று பாருங்கள். பலருக்கு அது ஞாபகத்துக்கே வருவதில்லை.

எப்போது என்ற கேள்விக்குத்தான் நோட்டும் பேனாவும். வாடகை, தவணை, பள்ளிக் கட்டணம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில், அம்மாவின் மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். சம்பளமே வராமல் இந்த வீடு எத்தனை மாதம் நிற்கும்? ஆறு மாதமாவது நிற்க வேண்டும் என்பேன். வீட்டுக் கடன் இருந்தால் இன்னும் அதிகம். இந்தக் கணக்கில் பி.எஃப். பணத்தைச் சேர்க்காதீர்கள். அது வயதான காலத்துக்கு உள்ளது. ஐந்து ஆண்டு சர்வீஸ் ஆகுமுன் எடுத்தால் வருமான வரியும் வரலாம்.

அதே ஐந்து ஆண்டுதான் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடைக்கும். 1972-இல் சட்டம் வந்த நாளிலிருந்து நிரந்தர ஊழியருக்கு அதுதான் எல்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 ரூபாய் வாங்குகிறவருக்கு ஒரு வருஷ சர்வீஸுக்கு 15,000 ரூபாய் கணக்கு. ஐந்து வருஷத்துக்கு 75,000. நாலேகால் வருஷத்தில் கோபித்துக்கொண்டு வருகிறவர் இதை மேஜைமேலேயே விட்டுவிட்டு வருகிறார்.

இதைவிடப் பெரிய அடி வருவது மருத்துவக் காப்பீட்டில். கம்பெனி கொடுத்த இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். புதிதாக ஒன்று எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. அதை வேலையில் இருக்கும்போதே எச்.ஆரிடம் கேளுங்கள்.

துணிந்து விலகுவதற்கு உதாரணமாக, விஞ்ஞானி சி.வி. ராமன் அரசாங்க வேலையை உதறினார் என்று மேடைகளில் சொல்வார்கள். உதறினார், உண்மைதான். 1907-இல் கல்கத்தாவில் நிதித் துறை அதிகாரியாகச் சேர்ந்தவர் 1917-இல் விலகினார். நடுவில் இருந்த பத்து ஆண்டை மேடையில் யாரும் சொல்வதில்லை. அதில் பெரும்பகுதி, அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் தெருவில் இருந்த அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் அவர் கழித்த காலம். விலகியபோதும் சும்மா விலகவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி காத்திருந்தது. சம்பளம் குறைவு, ஆனால் சம்பளம். உத்வேகப் பேச்சாளர்கள் நமக்குச் செய்யும் அநியாயம் இதுதான், கடைசிக் காட்சியை மட்டும் காட்டுவார்கள்.

ஐ.டி. துறையில் இருப்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. பல கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். ‘மூன்று மாதம் யார் காத்திருப்பார்கள்’ என்று நேர்முகத் தேர்விலேயே கழித்துவிடுகிறார்கள். ஆகவே சிலர் முதலில் பேப்பர் போட்டுவிட்டு, அந்த 90 நாளிலும் சம்பளம் வாங்கிக்கொண்டே தேடுகிறார்கள். நாள் குறையக் குறைய மதிப்பு கூடும். துணிந்தவர்களுக்கு ஆகும், கையில் சேமிப்பும் இருந்தால்.

துணிக்கடையிலோ பட்டறையிலோ நிற்கிறவர்களுக்கு இதெல்லாம் வேறு உலகம். 2021-இல் சட்டம் போட்டுத்தான் தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கிடைத்தது. பலருக்குப் பணி நியமனக் கடிதமே கிடையாது. அதற்குமேல் முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ். அவர்களிடம் ஆறு மாதச் சேமிப்பு பற்றிப் பேச எனக்கு வாய் வராது. அட்வான்ஸில் எவ்வளவு கழிந்தது என்பதை மாதாமாதம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முதலாளியிடம் கையெழுத்தும் வாங்குங்கள் என்று மட்டும் சொல்வேன்.

போவதென்றே முடிவு செய்துவிட்டால் முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். கடிதம் கொடுத்த பிறகு சொல்வது வேறு, முன்னால் கணக்கைக் காட்டிச் சொல்வது வேறு. கடிதத்தில் இரண்டு வரி போதும், மேனேஜரின் குற்றப் பட்டியல் அதில் வேண்டாம். பெற்றுக்கொண்டோம் என்ற பதிலை எழுத்தில் வாங்குங்கள். சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப். எண் எல்லாவற்றையும் உங்கள் சொந்த மெயிலுக்கு முன்கூட்டியே அனுப்பி வையுங்கள். கடைசி நாள் சாயங்காலமே ஆஃபீஸ் மெயிலைப் பூட்டிவிடுவார்கள்.