சோதிக்காமல் தீர்ப்புச் சொல்லாதே!

கணினியின் பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாகவே கிடக்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் ஒரு பார்வையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது: "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க." மல்டிமீட்டரைக் கையில் எடுக்கவில்லை, ராமைக் கழற்றிப் பார்க்கவில்லை. அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம், சுங்கை காடுட்டில் எஸ்.பி.எம். முடித்த பிள்ளை "தோட்டத்துப் பிள்ளைங்க நாங்க, இதெல்லாம் எங்களுக்கு வராதுண்ணே" என்று சொல்லும்போது வருகிறது. தம்பி, தங்கச்சி, எந்தச் சோதனையை ஓட்டிப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தீர்கள்?

நீ நிற்கும் இடத்தைப் பார். கம்யூட்டர் ரயிலில் சிரம்பானை விட்டால் செனவாங், அடுத்தது உன் ஊர். ரப்பரும் பெரட்டுமாக இருந்த இந்தப் பக்கத்தில்தான் இன்று துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை இருக்கிறது. சாம்சங் எஸ்டிஐ அங்கே பேட்டரி செய்கிறது. 1972-இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்கில் தொடங்கியதிலிருந்து, சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் இந்த நாட்டின் பெருந்தொழில். சோதிக்கத் தெரிந்த கைக்கு உன் வாசலிலேயே வேலை இருக்கிறது.

அந்தக் கை உன் வீட்டில் இல்லையா? பால்வெட்டுக் கத்தி ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவ வேண்டும், உள்மரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் காயம், அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. தப்புவதற்கு இருக்கும் இடம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விடியாத இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் அதைச் செய்தவர்கள் உன் அம்மாவும் பாட்டியும். மதர்போர்டு கேட்பதும் அதே நிதானத்தைத்தான்.

வா, செய்து பார். மின்சாரத்தைத் துண்டி. உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்க, பெட்டியின் உலோகத்தைத் தொடு. ராம் துண்டுகள் எல்லாவற்றையும் எடு. ஒன்றை மட்டும், போர்டின் கையேடு சொல்லும் ஸ்லாட்டில், இரண்டு பக்கமும் 'டக்' என்று விழும்வரை அழுத்து. டிடிஆர்5 என்றால் முதல் தடவை திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கலாம். அது நினைவகத்தைப் பழக்கிக்கொள்ளும் நேரம், பதறி அணைத்துவிடாதே. திரை வந்ததும் யூஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86 ஓட்டு. 1994-இல் கிறிஸ் பிராடி எழுதிய நிரல் அது. இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. நினைவகத்தின் ஒவ்வொரு அறையிலும் ஒரு மதிப்பை எழுதி, திரும்பப் படித்து, மாறியிருந்தால் முகவரியோடு காட்டிக்கொடுக்கும். ஒரு சுற்றோடு எழுந்துவிடாதே. இரவு முழுக்க ஓடட்டும்.

பிழை வந்தால் அப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அதே துண்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்று. பிழை துண்டோடு போனால் குற்றவாளி துண்டு. நல்ல துண்டும் அதே ஸ்லாட்டில் தடுமாறினால் போர்டைச் சந்தேகப்படு. ஆனால் இன்றைய கணினிகளில் நினைவகக் கட்டுப்பாட்டகம் செயலிக்குள் இருக்கிறது. செயலியின் கீழே வளைந்த ஓர் ஊசியும் ஸ்லாட்டின் மேல் பழி போட வைக்கும். மின்சாரத்தையும் அள: 12 வோல்ட் கம்பியில் 11.4-க்குக் கீழே இறங்கினால் பவர் சப்ளையைப் பார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினவனுக்கு எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

பிழையோடு மல்லுக்கு நிற்பது நீ மட்டும் இல்லை. 1947 வாக்கில் பெல் ஆய்வகத்தில் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங் வார இறுதியில் வேலையைக் கணினி இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். பிழை தட்டினால் அது வேலையைப் பாதியில் விட்டுவிடும். அந்த எரிச்சல் அவரை ஒரே கேள்வியில் நிறுத்தியது: பிழை இருப்பதை அறிகிற இயந்திரத்துக்கு, எங்கே என்று கண்டுபிடித்துத் திருத்த ஏன் முடியாது? 1950-இல் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீடு அந்தக் கேள்வியின் பிள்ளை. அதன் வம்சம் இன்றும் சர்வர் நினைவகங்களைக் காக்கிறது. இவ்வளவு காவலும் தேவைதானா என்கிறாயா? 2009-இல் வெளிவந்த ஆய்வு, கூகுளின் சர்வர்களில் ஓராண்டுக்குள் நூற்றுக்கு எட்டுக்கும் மேற்பட்ட ராம் துண்டுகள் பிழை காட்டியதைச் சொன்னது. உலகின் பெரிய நிறுவனத்திலேயே நினைவகம் தடுக்கி விழுகிறது. அவர்கள் வெட்கப்படவில்லை, அளந்தார்கள்.

நீயும் அளந்து பார். கணக்கில் குறைந்த மதிப்பெண் ஒரு துண்டின் பிழை; அதை வைத்து முழு இயந்திரத்தையும் குப்பையில் போட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்று நிலைகளாக இருக்கிறது, அதற்கு மேலே டிப்ளோமா இருக்கிறது. ஏறும் படி உன் முன்னால்தான் கிடக்கிறது.

இந்த வாரமே யார் வீட்டிலாவது ஓரங்கட்டிய பழைய கணினி ஒன்றைக் கேட்டு வாங்கு. எந்தத் துண்டு, எந்த ஸ்லாட், எத்தனை சுற்று, எந்த முகவரியில் பிழை, எத்தனை வோல்ட் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுது. பயிற்சி நிலையத்துக்கோ வேலை நேர்காணலுக்கோ போகும்போது, சான்றிதழ்களுக்கு மேலே அந்த நோட்டை வைத்துக்கொண்டு போ.