மக்கள் தந்த பதவியும் மேலிடம் தந்த பதவியும்

ஆள்பவன் நல்லவனாயின், அவன் எவருக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவன் என்ற வினா அவசியந்தானா? ஒழுக்கவியலில் மிகப் பழைய இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு முகவரியும் உண்டு. சுண்டுக்குளியில், பெருமரங்கள் நிழல் செய்யும் பழைய பூங்காவே அது. 1829 இல் யாழ்ப்பாணத்தின் நிருவாகப் பொறுப்பை ஏற்ற பேர்சிவல் டைக் என்ற ஆங்கிலேயர் அமைத்த வாசத்தலம் அது. 1867 இல் இறக்கும்வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இப்பகுதியோடு பிணைந்திருந்த அவரை மக்கள் 'வடக்கின் இராசா' என்றே கொண்டாடினர். அவரை இங்குள்ளோர் எவரும் தெரிந்தெடுக்கவில்லை. நீக்கவும் அவர்களால் இயலாது. அக்குறையைக் குறையென எண்ணியவரும் அக்காலத்தில் அரியர்.

பிற்காலத்தில் வட மாகாண ஆளுநரின் செயலகம் அமைந்ததும் இதே பழைய பூங்காவிலேயே. 2016 பெப்ரவரியில் அக்கதிரைக்கு வந்தவர் றெஜினோல்ட் குரே. அவர் இராணுவத்திலிருந்தோ வெளிநாட்டுச் சேவையிலிருந்தோ வந்தவர் அல்லர். வாக்குக் கேட்டு வளர்ந்த அரசியல்வாதி. 2000 முதல் 2009 வரை மேல் மாகாண முதலமைச்சராக இருந்தவர். பின்னர் நாடாளுமன்றம் சென்று அமைச்சராகவும் விளங்கியவர். மாகாண சபையின் அதிகாரம் எங்கே முடிகிறது, ஆளுநரின் கை எங்கே தொடங்குகிறது என்பதை ஒன்பது ஆண்டு அனுபவத்தால் அறிந்த ஒருவர், இப்பொழுது அக்கோட்டின் மறுபக்கத்தில் அமர்ந்தார். இத்தகைய மாற்றத்தைப் பொதுவாகப் பதவி உயர்வு என்பர். உண்மையில் உயர்ந்தது யாது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி; அவர் விரும்புங்காலம்வரையே ஆளுநர் பதவியிலிருப்பார். மாகாண நிருவாக அதிகாரம் ஆளுநரிடமே உள்ளது. மாகாணப் பொதுச்சேவையும் அவர் வசத்ததே. நிதி தொடர்பான நியதிச்சட்டம் அவரது விதப்புரையின்றிச் சபைக்கு வர முடியாது. இவ்வளவுக்கும் மக்கள் கையில் விடப்பட்ட இழை ஒன்றே ஒன்று: குறிப்பிட்ட சில காரணங்களுக்காக, மூன்றிலிரண்டு பெரும்பான்மையுடன், அவரை நீக்குமாறு சபை ஜனாதிபதிக்கு ஆலோசனை கூறலாம்.

மறுபுறம், 2013 தேர்தலில் 38 ஆசனங்களுள் 30 ஐ வென்ற அணியின் முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன், 1,32,255 விருப்பு வாக்குகள் பெற்றவர். ஆயினும் 2017 ஜூனில், அவர்மீது நம்பிக்கையில்லை என்ற பிரேரணையை அவரது அணியினரே எங்கே கொண்டு சென்றனர்? ஆளுநரிடம். அது பின்னர் சமரசமாயிற்று. ஆயினும் அக்காட்சி மறக்கத்தக்கதன்று. வாக்குப் பெற்றோரின் பிணக்கில், இம்மாகாணத்தில் ஒரு வாக்கும் பெறாதவர் நடுவராயினார். அவ்வாண்டே முதலமைச்சர் ஓர் அமைச்சரை நீக்கியபோது, அவ்வதிகாரம் அவருக்கில்லை என மேன்முறையீட்டு நீதிமன்றம் பின்னர் கூறியது. இதற்குக் குரே என்ற தனிமனிதரைக் குறைகூறல் நியாயமாகாது. கதிரையின் அமைப்பே அத்தகையது.

எதிர்த்திசையில் நடந்த ஒருவரையும் நோக்குதல் தகும். இராஜகோபாலாச்சாரியார் 1937 இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். 1947 இல் மேற்கு வங்க ஆளுநர். 1948 இல் இந்தியாவின் தேசாதிபதி. அவ்வுச்சியிலிருந்து 1952 இல் மீண்டும் சென்னையின் முதலமைச்சராக இறங்கி வந்தார். பதவியின் உயரம் பாராத பெருந்தன்மை இது எனப் போற்றலாம். ஆனால் அவர் வந்த வழி தேர்தல் அன்று. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்தார். மேலிருந்து வருவோர்க்கு மக்களிடம் கேட்டு நிற்கும் பழக்கம் மெல்ல அற்றுப்போகிறது போலும்!

ஆளுநர் நல்லவராயிருந்தால் என்ன கெட்டுவிடும் என்பார் உளர். கெடுவது ஆளப்படுவோரின் இயல்பு. கொடியவன் ஆளும்போது உரிமை நினைவில் நிற்கும். நல்லவன் ஆளும்போது மக்கள் மனு எழுதக் கற்கின்றனர். வீதி திருத்தப்பட்டால் நன்றி கூறுகின்றனர். தமக்குரியதைக் கொடையெனப் பெறுகின்றனர். டைக்கின் காலத்து மரநிழலிலும் இதுவே நிகழ்ந்தது.

2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் ஆயுள் முடிந்தது. அவ்வாண்டு டிசம்பர் இறுதிக்குள் ஆளுநர்கள் அனைவரையும் பதவி விலகுமாறு ஜனாதிபதி கேட்க, குரேயும் சென்றார். 2019 ஜனவரியில் வடக்கின் முதலாவது தமிழ் ஆளுநராகச் சுரேன் ராகவன் வந்தார். தம்மவர் ஒருவர் வந்தமையில் மகிழ்ந்தோர் பலர், அம்மகிழ்ச்சி இயல்பானதே. ஆயின் அவர்க்குப் பின் வந்தோரும் சபையின்றியே ஆள, ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. மூன்றிலிரண்டால் ஆலோசனை கூறவும் ஒரு சபை இல்லை. அந்த ஓர் இழையும் அறுந்த நிலையில், பழைய பூங்காவின் வாயிலில் மனுக்களோடு மக்கள் நின்றனர்.