எஞ்சி நிற்கும் வேலைகள்

(ரங்கத்தில் பௌர்ணமி உபோசத நாளன்று ஆற்றிய தம்ம உரை)





வேலைகள் கழுத்துமட்டும் நிற்கின்றனவே, தம்மம் கேட்க ஓய்வு எங்கே இருக்கிறது என்று நம்மவரில் பலர் வினவுகின்றனர். பாக்குத் தோட்டமுடையவர் கேட்கிறார். கடலுக்குப் போகிறவர் கேட்கிறார். பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் எல்லாரினும் அதிகமாகக் கேட்கின்றனர். இக்கேள்வியை நான் குறையாக எண்ணுவதில்லை. இதற்கு ஒப்பான கேள்வியைப் பகவான் புத்தரின் திருமுன்பிலேயே ஒருவன் கேட்டிருக்கிறான். கோலியர் நாட்டில் கக்கரபத்தம் என்னும் ஊரில் ததாகதர் தங்கியிருந்தபோது, தீகஜாணு என்னும் இல்லறத்தான் வந்து வணங்கினான். நாங்கள் மனைவி மக்களோடு வாழ்கிறவர்கள், சந்தனம் பூசுகிறவர்கள், பொன்னும் வெள்ளியும் கையாளுகிறவர்கள். எங்களுக்கு இம்மையிலும் மறுமையிலும் நன்மை தருவது எது என்று கேட்டான்.

வேலைகளை விட்டுவிட்டு வனத்துக்குப் போ என்று பகவான் அவனுக்குச் சொல்லவில்லை. முயற்சி, ஈட்டியதைக் காத்தல், நல்லோர் நட்பு, வரவுக்கேற்ற செலவு என நான்கினை இம்மை நலனுக்கு வழியாக எடுத்துரைத்தார். இவற்றுள் முதலில் நின்றது முயற்சியே. அதனை விளக்கும்போது இரண்டு திறங்களைச் சேர்த்தே கூறினார். ஒன்று வேலையைச் செய்யும் திறம். மற்றொன்று வேலையை வகுக்கும் திறம். இந்த இரண்டாவது திறத்துக்குப் பாலி மொழியில் வழங்கும் சொல், சம்விதானம் என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. இத்தீவில் நாம் யாவரும் இந்தி பேசிப் பழகியவர்கள். சம்விதான் என்றால் என்னவென்று பள்ளிச் சிறுவனும் சொல்லுவான்: அரசியலமைப்புச் சட்டம். வகுத்து அமைக்கப்பட்டது என்பதே அச்சொல்லின் கருத்து.

அன்பர்களே! செய்யும் திறத்தில் நம் மக்களுக்கு என்றுமே குறைவு இருந்ததில்லை. தலைமுறை தலைமுறையாகச் செய்து செய்தே முதுகு வளைந்தவர்கள் நாம். வகுக்கும் திறமோ நம் கையில் விடப்படவில்லை. எந்த நேரத்தில் எழவேண்டும், எவன் வயலில் இறங்கவேண்டும், எப்போது பறை கொட்டவேண்டும், எப்போது பிணம் சுமக்கவேண்டும் என்பதையெல்லாம் பிறர் வகுத்தனர், நாம் செய்தோம். நூற்பாலையில் நின்ற என் போன்றவர்களுக்கோ ஆலைச் சங்கு வகுத்தது, மேஸ்திரி வகுத்தார். தன்னுடைய நாளைத் தானே வகுத்துக்கொள்வது என்பது, செல்வர்க்குச் சிறு பழக்கமாக இருக்கலாம். நமக்கோ அது விடுதலையின் ஒரு பகுதி. பஞ்சசீலம் எடுத்துக்கொண்டு, பெயரை மாற்றிக்கொண்டு, நாளை மட்டும் வந்தபடி விட்டுவிட்டால், பழைய எசமானனுக்குப் பதிலாகப் புதிய எசமானன் ஒருவன் வந்து உட்காருவான்.

அப்புதிய எசமானன் யார் என்பதையும் பகவான் காட்டியிருக்கிறார். மனத்தை மறைக்கும் ஐந்து நீவரணங்களுள் ஒன்று உத்தச்ச குக்குச்சம். மனம் ஓரிடத்தில் நில்லாது அலைவதும், செய்ததையும் செய்யாது விட்டதையும் எண்ணி உள்ளே அரிப்பதும் சேர்ந்த நிலை அது. மகத மன்னன் அஜாதசத்துருவுக்கு உரைத்தபோது, ஐந்து நீவரணங்களுக்கும் ஐந்து உவமைகள் கூறினார். ஒன்று கடன், ஒன்று நோய், ஒன்று சிறை, ஒன்று கொள்ளையர் திரியும் பாலைவழி. இந்த உத்தச்ச குக்குச்சத்துக்கு மாத்திரம் அவர் கூறிய உவமை அடிமைத்தனம்! தன் விருப்பப்படி ஓரிடத்துக்குப் போகவும் இயலாதவன் அடிமை. நீங்கள் தியானத்தில் அமர்ந்து மூச்சைக் கவனிக்கிறீர்கள். மூன்றாம் மூச்சில் ரேஷன் அட்டை வருகிறது. ஐந்தாம் மூச்சில் கூரைத் தகட்டின் ஓட்டை வருகிறது. பத்தாம் மூச்சில் தம்பிக்கு எழுதாத கடிதம் வருகிறது. உங்கள் மனம் உங்கள் விருப்பப்படி போகவில்லை. எஞ்சி நின்ற வேலை இழுத்த பக்கமெல்லாம் போகிறது.

இனி, நாம் வாழும் இந்த ரங்கத்தையே பாருங்கள். இங்கே ஞாயிறு கடிகாரத்துக்குக் காத்திருப்பதில்லை. இந்திய நேரத்துக்கு அளவுகோலான தீர்க்கரேகைக்கு ஏறக்குறைய பத்துப் பாகை கிழக்கே நாம் இருப்பதால், நமக்குப் பொழுது சுமார் 40 நிமிடம் முந்தியே விடிகிறது. ஆனி மாதத்தில் மணி ஐந்துக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். மாலையிலோ ஆண்டு முழுவதும் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுகிறான். தமிழகத்துக் கடிகாரப் பழக்கத்தில் எழுகிறவன் இங்கே தினமும் பகலில் ஒரு துண்டை இழக்கிறான்.

இரண்டாவது, இங்கே நினைத்தபோது நினைத்த இடத்துக்குப் போக இயலாது. முன்னே போர்ட் பிளேர் என வழங்கி, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படும் தலைநகருக்குச் சாலைவழி ஏறக்குறைய 170 கிலோமீட்டர். ஜாரவா மக்களின் காப்பு நிலத்தினூடே வண்டிகள் குறித்த நேரங்களில் கான்வாயாகச் சேர்ந்தே செல்லவேண்டும். ஹம்ப்ரி நீரிணைக்கு மேல் பாலம் வந்துவிட்டது. மிடில் ஸ்ட்ரெயிட்டிலோ வண்டியைப் படகில் ஏற்றிக் கடக்கவேண்டும். கப்பலில் போகலாமென்றால் டிக்கெட் கிடைக்கவேண்டும், கடலும் இடங்கொடுக்கவேண்டும். இத்தனையும் கடந்து அலுவலகத்தின் வாயிலில் போய் நின்று, ஐயோ, ஒரு நகலை வீட்டிலேயே வைத்துவிட்டேனே என்பவனுக்கு ஒரு தாளின் விலை இரண்டு நாள் கூலி. சென்னையில் மறதி ஒரு பஸ் கட்டணத்தோடு தீரும். ரங்கத்தில் தீராது.

ஓர் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்லுகிறேன். பெயர் வேண்டாம். பட்டியல் சாதிகள் என இத்தீவுகளுக்குத் தனியே ஒன்றும் அறிவிக்கப்படவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆகையால் நம் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ், பூர்வீக மாவட்டத்திலிருந்தே வரவேண்டும். அவ்வில்லத்துத் தந்தை, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வாங்கி வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு ஆண்டுகள் சொன்னார். அதற்குள் மூன்று முறை ஊருக்கும் போய் வந்தார். திருமணமும் சாவும் விருந்தும் முன்னே நின்றன. மத்திய அரசு வேலை ஒன்றுக்கு மகள் விண்ணப்பிக்கும் நாள் வந்தபோது சான்றிதழ் இல்லை. அவள் பொதுப்பிரிவில் எழுதினாள்.

இதன் பாரத்தை எண்ணிப் பாருங்கள். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தம்மத்தை ஏற்றார். இலட்சக்கணக்கானோர் அவரைப் பின்தொடர்ந்தனர். பௌத்தரானபின் பட்டியல் சாதியினருக்குரிய அரசியல் சட்ட உரிமைகளை இழந்து நின்ற அம்மக்கள், 1990ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபின்னரே அவற்றைத் திரும்பப் பெற்றனர். இடையே 34 ஆண்டுகள்! எத்தனையோ பேர் ஊர்வலம் போயும் மனு எழுதியும் மீட்ட உரிமை, ஓர் இல்லத்தில் மூன்று நாள் வேலையை வகுக்காமையால் கைநழுவிப் போயிற்று. அந்தத் தந்தை சோம்பேறி அல்லர். விடியுமுன் எழுந்து இருட்டும் வரை உழைப்பவர். செய்யும் திறம் அவரிடம் நிறைய இருந்தது.

சோம்பலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சோம்பலுக்கு எட்டு வாய்ப்புகளையும் முயற்சிக்கு எட்டு வாய்ப்புகளையும் பகவான் எடுத்துக்காட்டினார். வேடிக்கை என்னவெனில், இரண்டு எட்டும் ஒன்றே! வேலை செய்யவேண்டியிருக்கிறது, ஆகவே இப்போது படுப்போம் என்கிறான் ஒருவன். வேலை வந்தால் தம்மத்தை நினைக்க முடியாது, ஆகவே இப்போதே முயல்வோம் என்கிறான் மற்றொருவன். வேலை முடிந்தது, பிரயாணம் வருகிறது, பிரயாணம் முடிந்தது, உணவு போதவில்லை, உணவு மிகுந்தது, உடல் சற்றே சரியில்லை, நோய் இப்போதுதான் தீர்ந்தது என்று எட்டும் இப்படியே செல்லும். நம் ஊரில் இவற்றைத் தினமும் கேட்கலாம். நாளைக் காலை கான்வாய்க்குப் போகவேண்டுமே, இன்று எதையும் தொடவேண்டாம் என்கிறார்கள். போய்வந்த மறுநாள், வழி அலுப்பு என்கிறார்கள். மழை பெய்தால் நனையுமாம், வெயில் அடித்தால் புழுங்குமாம். ஆண்டில் எட்டு மாதம் மழை காணும் தீவில், மழை நின்றபின் செய்வேன் என்பது செய்யேன் என்பதற்கு மரியாதையான மொழி.

வகுக்கும் திறத்துக்கு நம் முன்னோரில் சான்று தேடவேண்டியதில்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையில் ஒரு பைசாத் தமிழன் இதழைத் தொடங்கினார். அவர் மருத்துவர், நோயாளிகள் நாடி வருவர். சாக்கிய பௌத்த சங்கத்தின் பொறுப்பும் அவர் தலைமேலே. இவற்றுக்கிடையே 1914ஆம் ஆண்டு மறையும்வரை, அவ்விதழைப் புதன்கிழமை தோறும் வரும் வார இதழாக நடத்தினார்.

பாபாசாகேபின் காரியமோ இன்னும் பெரிது. 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அமைந்த வரைவுக் குழுவில் எழுவர். அவர்களில் ஒருவர் விலகினார், ஒருவர் காலமானார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், மற்றவர் பிற காரியங்களிலும் உடல்நலக் குறைவிலும் சிக்கினர். பாரமெல்லாம் அம்பேத்கர் மேலேயே வீழ்ந்தது என்று 1948 நவம்பரில் டி. டி. கிருஷ்ணமாச்சாரி சபையிலேயே கூறினார். வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றுள் சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. சட்ட மந்திரியின் அலுவல் ஒருபுறம், நீரிழிவு நோய் மற்றொருபுறம். ஒவ்வொரு திருத்தத்தையும் நினைவில் சுமந்து ஒருவர் நடக்க இயலுமோ? அது எந்த விதியைச் சேர்ந்தது, ஏற்பதா, தள்ளுவதா, மாற்றி எழுதுவதா, யாரிடம் ஒப்படைப்பது என்று வகுத்ததால்தான் 395 விதிகள் 1949 நவம்பர் 26ஆம் நாள் நிறைவேறின. அதற்கு முந்தின நாள் பேசியபோது, முதல் வரைவு செய்த பி. என். ராவுக்கும், தலைமை வரைவாளர் எஸ். என். முகர்ஜிக்கும், அலுவலர்களுக்கும் உரிய புகழை அவரே பகிர்ந்தளித்தார். பிறர் கையில் விட்ட வேலையை மறவாதிருப்பதும் வகுக்கும் திறமே.

இனி முறையைச் சொல்லுகிறேன்; அது மிக எளிது. ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மனத்தில் அரிக்கும் வேலை ஒவ்வொன்றையும் அதில் எழுதுங்கள். டேவிட் ஆலன் என்னும் அமெரிக்கர் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் ஒன்றில் இதைத்தான் விரிவாகச் சொன்னார். உலகெங்கும் அலுவலகத்தார் அதைப் பின்பற்றுகின்றனர். நினைவில் இருப்பதைத் தாளில் இறக்கு, அடுத்துச் செய்யவேண்டிய ஒரு செயலைக் குறி, வாரந்தோறும் திரும்பிப் பார் என்பது அவர் முறை. நல்ல முறைதான். ஆனால் அம்முறை சாராயக் கடைக்காரனுக்கும் அப்படியே பயன்படும். ஆகவே நாம் இராகுலருக்குப் பகவான் அளித்த கண்ணாடியையும் உடன் வைத்துக்கொள்வோம். செய்யுமுன், செய்யும்போது, செய்தபின் என மூன்று வேளையும், இது எனக்கோ பிறர்க்கோ துன்பம் தருமா என்று பார்க்கவேண்டும் என்றார். ஒரு வேலை அதில் தேறாவிட்டால், அதை வகுக்கவே வேண்டாம், அடித்துவிடுங்கள்.

சான்றிதழ் வாங்கவேண்டும் என்று எழுதினால் அந்த வரி ஆறு ஆண்டு கிடக்கும். தாத்தாவின் பழைய சான்றிதழ் பெட்டியில் இருக்கிறதா என்று ஞாயிறு காலை பார்க்கவேண்டும் என எழுதினால், ஞாயிறன்று நடக்கும். நூற்பாலையில் இழை பார்ப்பவர் நூற்றுக்கணக்கான கதிர்களையும் ஒருங்கே மனத்தில் வைத்திருப்பதில்லை. வரிசையாகச் சுற்றி நடக்கிறார். அறுந்த இழை கண்ணில் பட்ட இடத்தில் நின்று முடிந்துவிட்டு, மேலே நடக்கிறார். இடம் பார்த்தும் எழுதுங்கள். தலைநகருக்கு ஒரு பக்கம், தமிழகத்துக்கு ஒரு பக்கம், ரங்கத் பஜாருக்கு ஒரு பக்கம். கான்வாய் ஏறுமுன் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும். பிக்குகள் அமாவாசையும் பௌர்ணமியும் கூடித் தம் ஒழுக்கத்தைச் சரிபார்க்கின்றனர். நாம் அந்நாட்களில் பூசை முடிந்ததும் இப்புத்தகத்தைச் சரிபார்க்கலாம்.

ஒரு பக்கத்தில் ஐம்பது வேலை எழுதி அன்றே முடிக்கத் துடிப்பவரும் நம்மில் உண்டு. பாதம் வெடித்துக் குருதி கசிய நடந்து தியானித்த சோணருக்குப் பகவான் சொன்ன வீணை நரம்பை அவர்கள் நினைக்கட்டும். மிக இறுக்கினாலும் ஒலி வராது, மிகத் தளர்த்தினாலும் வராது.

ஆடவர்களே, உங்களுக்குத் தனியே ஒரு சொல். சிகாலன் என்னும் இளைஞனுக்கு இல்லற நெறி கூறியபோது, மனைவிக்கு இல்லத்தின் அதிகாரத்தை ஒப்படைக்கவேண்டும் என்பதைக் கணவன் கடமைகளில் வைத்தார். வேலைகளை நன்கு வகுத்து நடத்துவதை மனைவியின் கடமைகளில் முதலாவதாக வைத்தார். அங்கும் சொல் அதே வேரின் சொல்தான். நம் இல்லங்களில் நடப்பது என்ன? வகுக்கும் பாரம் முழுவதும் பெண் தலையில், அதிகாரம் ஆண் கையில். அரிசி தீர்வதும், பிள்ளையின் தடுப்பூசி நாளும், மாமியாரின் மருந்தும் அவள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவள் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் வீடு திசை தெரியாமல் நிற்கிறது. ஆகவே நோட்டுப் புத்தகம் இல்லத்துக்கு ஒன்றாக, இருவர் கையும் எட்டும் இடத்தில் தொங்கட்டும். நான் சொன்ன தந்தையின் வீட்டில், சான்றிதழைப் பற்றி ஆறு ஆண்டும் நினைவூட்டிக்கொண்டிருந்தவர் அந்தத் தாயே என்பதைப் பிற்பாடு அறிந்தேன்.

வரும் அமாவாசை உபோசதத்துக்கு, எவ்வெவர் வீட்டில் எந்தெந்தத் தாள் இன்னும் வாங்கப்படாமல் நிற்கிறது என்பதை எழுதிக் கொண்டுவாருங்கள். பழைய தாள்களின் நகலும் கூடவே வரட்டும். விண்ணப்பம் எழுத இயலாதவர்களுக்கு எழுதித் தர, படித்த இளைஞர் இருவர் பூசைக்குப்பின் பாயில் அமர்ந்திருப்பார்கள். பேனாவும் கார்பன் தாளும் நான் கொண்டுவருகிறேன்.