தவக்குலும் கட்டுச்சோறும்

 

அடியேன் ஆலிம் அல்ல. மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும்தான் என் முதல். ஆயினும் நம் வியாபாரிகளிடையே கவனிக்கப்படாமல் கிடக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியது கடமை என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

நம்மில் ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்து, வரிசையில் காத்திருப்பவர்கள் பலர். 2024-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்குக் கிடைத்த இடங்கள் 900 மட்டுமே. ஆகவே நம் முறை வரும்போது தலை நரைத்து, முழங்கால் வலித்து, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை விழுங்கும் வயதாகி விடுகிறது. அந்த வயதில் பாலைவன வெயிலுக்குள் போகிறோம். போகுமுன் துஆக்களை ஓதிப் பழகுகிறோம். தவாபு, ஸயீ முறைகளைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். இஹ்ராம் கட்டும் விதம் பழகுகிறோம். ஆனால் அந்த வெயிலில் உயிர் பிழைத்து அமல்களை நிறைவேற்றுவது எப்படி என்று கற்றுக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்?

2024 ஜூன் மாதத்தில் நடந்த ஹஜ்ஜை நினைத்துப் பாருங்கள். மக்காவின் ஹரம் ஷரீபில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் மவுத்தாகிவிட்டதாகச் சவூதி அரசாங்கம் அறிவித்தது. அவர்களில் நூற்றுக்கு 83 பேர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வந்து, தங்குமிடமும் நிழலும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். அப்படியானால் சீட்டுடன் முறைப்படி வந்தவர்களிலும் இருநூறுக்கு மேற்பட்டோர் போய்ச் சேர்ந்தார்கள் என்பது கணக்கு. அல்லாஹ் அவர்கள் அனைவருடைய பிழைகளையும் பொறுத்து உயர்ந்த சுவனத்தைக் கொடுப்பானாக!

இதைப் பேசினால் நம்மவர்களில் சிலர், "எல்லாம் நஸீபு. தவக்குல் வைத்துப் போக வேண்டியதுதான்" என்று ஒரே சொல்லில் முடித்து விடுகிறார்கள். சகோதரர்களே, இதே சொல்லை முன்பே ஒரு கூட்டத்தார் சொன்னார்கள். எமன் தேசத்தார் ஹஜ்ஜுக்கு வரும்போது வழிச்செலவும் கட்டுச்சோறும் எடுத்துக்கொள்ளாமல், "நாங்கள் அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்தவர்கள்" என்று கிளம்பி வருவார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் மற்றவர்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்கு வேண்டியதைச் சித்தப்படுத்திக்கொள்ளும்படி கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் ஆயத்து இவர்களைக் குறித்தே இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்ததாக புகாரி ஷரீபில் காண்கிறோம். தயாரிப்பில் மிகச் சிறந்தது தக்வா என்றும் அந்த ஆயத்தே சொல்கிறது. ஆனால் தக்வா இருக்கும்போது கட்டுச்சோறு எதற்கு என்று அது சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்கிறது.

அன்னை ஹாஜரா (அலை) அவர்களைப் பாருங்கள். பயிர் பச்சை இல்லாத பள்ளத்தாக்கு. தோற்பையில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. பச்சைக் குழந்தை தாகத்தால் துடிக்கிறது. அல்லாஹ் நம்மைக் கைவிடமாட்டான் என்று திடமாக நம்பிய அந்த அம்மை, நம்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்களா? இல்லை. சுற்றுப்புறம் தெரியும்படி ஸபாக் குன்றின் மேல் ஏறிப் பார்த்தார்கள். ஆளைக் காணோம். பள்ளத்தில் இறங்கி ஓடி மர்வாவில் ஏறிப் பார்த்தார்கள். இப்படி ஏழு முறை. இன்று நாம் ஸயீ செய்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் ஆகிறது. ஜம்ஜம் பீறிட்டதும் வியந்து நின்றுவிடவும் இல்லை. மணலைக் கையால் அணைத்துக் கரை கட்டித் தோற்பையை நிரப்பினார்கள். அற்புதம் அல்லாஹ்வுடையது. கரை கட்டிய கை அன்னையுடையது.

அதன்பின் ஜுர்ஹும் கூட்டத்தார் அந்தப் பக்கம் வந்து இறங்கினார்கள். வானத்தில் ஒரு பறவை வட்டமிடுவதைப் பார்த்து, "இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் கிடையாது என்று நமக்குத் தெரியும், ஆனாலும் இந்தப் பறவை தண்ணீரைத்தான் சுற்றுகிறது" என்று பேசிக்கொண்டு ஆளனுப்பிப் பார்த்தார்கள். பறவையைப் படிக்கத் தெரிந்ததால் அவர்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. அந்தக் கூட்டம் குடியேறியதால் மக்கா ஊராயிற்று.

622-ஆம் ஆண்டில் நடந்த ஹிஜ்ரத்திலும் இதே பாடம்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைவிட அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைத்தவர் உண்டா? அவர்களும் அபூபக்கர் (ரலி) அவர்களும் பாலைவன வழிகளை நன்கு அறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவரைக் கூலி பேசி வழிகாட்டியாக அமர்த்தினார்கள். அவர் அப்போது குறைஷிகளின் மதத்தில் இருந்தவர். ஆயினும் தொழில் தெரிந்தவர், நம்பத்தக்கவர் என்று ஒட்டகங்களையே அவரிடம் ஒப்படைத்தார்கள். மதீனா வடக்கே இருக்க, தெற்கே உள்ள தௌர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடுப்புக் கச்சையைக் கிழித்து உணவுப் பையைக் கட்டினார்கள். ஆமிர் இப்னு புஹைரா (ரலி) அவர்கள் இரவில் ஆடுகளை ஓட்டி வந்து பால் கொடுத்தார்கள். பிறகு எல்லோரும் போகும் பாதையை விட்டுக் கடற்கரை ஓரமாகப் போனார்கள். வழி, உணவு, மறைவிடம் ஆகிய மூன்றும் முன்கூட்டியே சித்தம். தவக்குல் என்பது இதுதான்.

நம் மார்க்கம் வெயிலும் தாகமும் அறிந்த மண்ணில் வந்த மார்க்கம். உஷ்ணம் கடுமையானால் லுஹர் தொழுகையைச் சற்றுக் குளிர்ந்த பின் தொழலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். இரு கை நிறையும் தண்ணீரில் ஒளு செய்து காட்டினார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் தயம்மும். பிரயாணத்தில் நோன்பைத் தள்ளிவைக்கச் சலுகை. நீர்நிலையிலும் நடுப்பாதையிலும் ஜனங்கள் ஒதுங்கும் நிழலிலும் மலஜலம் கழிப்பதைத் தடுத்தார்கள். வறண்ட நாட்டில் உயிர் வாழ வேண்டிய மூன்றும் அதில் அடங்கிவிட்டன. மிஞ்சிய தண்ணீரை வழிப்போக்கனுக்கு மறுப்பவனை மறுமையில் அல்லாஹ் ஏறெடுத்தும் பாரான் என்றும் எச்சரித்தார்கள்.

இந்த அறிவு நம் முன்னோர்களுக்கும் இருந்தது. இராமநாதபுரத்துச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! அங்கே மழை பெய்தால் ஊரணி நிறையும், இல்லாவிட்டால் இல்லை. குடிநீர் ஊரணியில் கால் நனைக்க விடமாட்டார்கள். கோடையில் வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறுகிற நீரைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் சேர்ப்பார்கள். காலையில் உப்புப் போட்ட நீராகாரம், பகலில் மோர், பருவத்தில் நுங்கும் பதநீரும். வேர்வையில் போகிற உப்பையும் நீரையும் திரும்ப ஈடுகட்டுகிற வைத்தியம் அது. உச்சி வெயிலில் வேலைக்கு இறங்காமல் நிழலில் சாய்ந்து கிடந்தது சோம்பலால் அல்ல. கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில், சிங்கப்பூரின் புஸ்ஸோரா ஸ்ட்ரீட்டில் தங்கிக் கப்பலேறியவர்கள், ஜித்தாவில் இறங்கி ஒட்டகக் கூட்டத்தோடு இரவு நேரங்களில் மக்காவுக்குப் பிரயாணம் செய்தார்கள். வெயிலோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நாமோ குழாயைத் திருப்பினால் தண்ணீர், பொத்தானை அழுத்தினால் குளிர்காற்று என்று பழகிவிட்டோம். 1963 ஏப்ரலில் தொடங்கிப் பத்து மாதம் சிங்கப்பூரில் தண்ணீர்ப் பங்கீடு இருந்ததைப் பெரியவர்கள் சொல்லித்தான் கேட்கிறோம். "சிங்கப்பூர் வெயிலில் சாமான் இறக்குகிறவனுக்கு மக்கா வெயில் எம்மாத்திரம்?" என்று நினைப்போரும் உண்டு. இங்குள்ளது ஈர வெப்பம். வேர்வை உடம்பிலேயே நிற்கும். சட்டை நனைந்ததும் தண்ணீர் குடிக்கத் தோன்றும். அங்கே வேர்வை வந்தவுடனே காய்ந்துவிடும். வேர்க்கவில்லையே என்று நினைப்போம். ஆனால் வெயிலில் நடப்பவன் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் இழந்துகொண்டிருப்பான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் பாலைவனத்தில் சிப்பாய்களைச் சோதித்த எட்வர்ட் அடால்ஃப் என்ற விஞ்ஞானி 1947-இல் வெளியிட்ட நூலில், மனிதனின் தாகம் அவன் இழந்த தண்ணீரின் அளவை எட்டுவதில்லை என்று காட்டினார். ஆகவே தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பவன் ஏற்கெனவே கடன்பட்டவன்.

நாம் கற்க வேண்டியவை இவை:

முதலாவது, உடம்பைப் பழக்குவது. வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பிரயாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, சுபுஹுக்குப் பின் நடக்கத் தொடங்குங்கள். பிறகு இளவெயிலில் நடவுங்கள். ஹஜ்ஜில் போடப்போகும் செருப்பைப் போட்டே நடவுங்கள்.

இரண்டாவது, நிழல். காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை கூடியவரை வெளியே இறங்காதீர்கள். இஹ்ராமில் ஆண்கள் தொப்பியோ தலைப்பாகையோ அணியக் கூடாது, குடை பிடிக்கலாம். நாயகம் (ஸல்) அவர்கள் ஜம்ராவில் கல்லெறியும் வரை ஒரு தோழர் துணியை உயர்த்தி நிழல் கொடுத்ததாக ஹதீஸ் இருக்கிறது.

மூன்றாவது, தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. உப்பும் சேர வேண்டும். சிறுநீர் மஞ்சளாகக் கறுத்தால் உடம்பு வறண்டுவிட்டது என்று பொருள். பிரஷர் மாத்திரைகளில் சில, நீரைப் பிரியச் செய்பவை. டாக்டரைக் கலந்துகொள்ளாமல் போகவும் வேண்டாம், நாமாக நிறுத்தவும் வேண்டாம். இன்சுலினை வெயிலில் வைத்தால் கெட்டுவிடும்.

நான்காவது, வழி தவறினால் என்ன செய்வது? உச்சிவெயிலில் அலையாமல் நிழலில் உட்காருங்கள். பாலைவனச் சாலையில் வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடி வருவோருக்கு மனிதனைவிட வண்டி எளிதில் கண்ணில் படும். மிச்சம் பிடிக்க வேண்டியது தண்ணீரை அல்ல, வேர்வையை. உடம்பு கேட்கும்போது குடித்துவிட்டு, அசையாமல் இருப்பதே மிச்சம்.

ஐந்தாவது, பக்கத்தில் இருப்பவரைக் கவனிப்பது. தலைவலி, மயக்கம், தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். பேச்சுக் குழறி, புத்தி தடுமாறினால் அதுவே ஹீட் ஸ்ட்ரோக். உதவிக்கு ஆளனுப்பிவிட்டு, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். கழுத்திலும் கக்கத்திலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இன்னுமொரு சொல். "அந்தப் புண்ணிய பூமியில் மவுத்தானால் பாக்கியம்தானே" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இஹ்ராமோடு மவுத்தானவருக்கு உயர்ந்த அந்தஸ்து உண்டு; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது அல்லாஹ் கொடுக்கும்போது பெற்றுக்கொள்ளும் பாக்கியம். நம் அஜாக்கிரதையால் தேடிக்கொள்வது அல்ல. நம் கையாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்று திருமறை தடுக்கிறது. அரபாவில் ஒருவர் விழுந்தால், அவரைத் தூக்குகிறவரின் அரபாப் பொழுதும் போகிறது. ஊரில் கணவனை எதிர்பார்த்திருக்கும் மனைவிக்கும், கடன் கணக்குத் தெரியாத பிள்ளைக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும்.

நாம் வியாபாரிகள். இருப்புப் பார்க்காமல் கடை திறப்போமா? வாழ்நாள் சேமிப்பைப் போட்டுச் செய்யும் இந்தப் பெரும் பிரயாணத்துக்கு இருப்புப் பார்க்க வேண்டாமா? ஹஜ் செய்து வந்த ஹாஜிமார்கள் நம்மிடையே உண்டு. டன்லப் ஸ்ட்ரீட் அப்துல் கபூர் பள்ளியிலோ சவுத் பிரிட்ஜ் ரோடு ஜாமிஆ சூலியா பள்ளியிலோ தொழுகை முடிந்து உட்காரும்போது, இந்த வருஷம் போகிறவர்களை அழைத்து, வெயிலைப் பற்றி ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுங்கள். பெண்களுக்கும் சொல்லிக்கொடுங்கள், பாலைவனத்தில் தண்ணீர் தேடிக் காட்டியவரே ஒரு பெண்மணி அல்லவா!

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நாயகத்தின் உம்மத்து நாம். கட்டுவதற்குக் கயிறு நம்மிடம் இருக்கட்டும், காப்பவன் அல்லாஹ். போகிறவர்களை ஆரோக்கியத்தோடு போய், மப்ரூரான ஹஜ்ஜை முடித்து, நலமாகத் திரும்பி வரச் செய்வானாக! காத்திருப்பவர்களுக்கு ஆயுளையும் அறிவையும் தருவானாக! ஆமீன்.