சுவாச இயந்திரமும் ஐந்தாம் கற்பனையும்

“மெஷினை எடுக்கச் சம்மதித்தால் கொலைப்பாவம் ஆகுமா, சாமி?” ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கண்ணீரோடு கேட்கப்படும் கேள்வி இது. அந்நாள் வருமுன்னே இதற்கு விடை தெரிந்திருப்பது குடும்பங்களுக்கு நலம்.

நம் நெய்வேலியில் சுரங்க வேலை தொடங்கிய அதே 1957-ம் ஆண்டு, நவம்பர் 24-ந் தேதி, இன்ஸ்புருக் நகர வைத்தியர் ஒருவர் கேட்டிருந்த இதே கேள்விக்குப் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் விடையளித்தார். உயிரைக் காக்கச் சாதாரண உபாயங்களைக் கையாளக் கடமையுண்டு. தனக்கோ பிறருக்கோ பெரும் பாரமாகும் அசாதாரண உபாயங்களுக்குக் கட்டாயமில்லை என்பது அவர் போதனையின் சாரம்.

ஆகவே, பிழைப்பார் என்ற நம்பிக்கை இருக்கும்போது சலிப்பினாலோ சொத்தாசையினாலோ இயந்திரத்தை நிறுத்துவது பாவம். நம்பிக்கை அற்று, அது சாவை நீட்டிக்க மட்டுமே செய்யும்போது, நோயாளியின் மனதறிந்து எடுப்பது கொலையல்ல. அவர் தம் நோயினாலேயே மரிக்கிறார். சாகட்டுமென்று ஊசி போடுவதோ எக்காலத்தும் கொலையே. மீளாத நிலையில் இத்தகைய சிகிச்சை வேண்டாமென்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாமென நம் உச்ச நீதிமன்றமும் 2018 மார்ச் 9-ல் தீர்ப்பளித்தது. வைத்தியர் குழு ஆராய்ந்து, சட்டமுறைப்படியே அது நடக்க வேண்டும்.

ஆனால் இயந்திரத்தை எடுத்தாலும் பணிவிடையை எடுக்கலாகாது. 1952-ல் கோப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவியபோது, மூச்சுவிட முடியாதவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்துக் கையால் பையை அழுத்திக் காற்றூட்டினார்கள். அந்தக் கைகளின் வேலையைத்தான் பிற்பாடு இயந்திரம் ஏற்றது. அது ஓயும்போது வேலை மீண்டும் நம் கைகளுக்கு வருகிறது.

தலைமாட்டை உயர்த்துங்கள். காய்ந்த உதட்டை ஈரத்துணியால் நனையுங்கள். படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்கவையுங்கள். முகத்துக்கு மெல்ல விசிறுங்கள். மூச்சுத்திணறலைத் தணிக்கும் மருந்தை வைத்தியரிடம் கேட்டுக் கொடுங்கள். பிராணவாயு ஓடும் அறையில் மந்திரித்த மெழுகுதிரி ஏற்றவேண்டாம். நெருப்பு வேகமாய்ப் பற்றும். பதிலாகப் பாடுபட்ட சுரூபத்தைக் கையில் கொடுத்து, காதருகே ஜெபமாலை சொல்லுங்கள்.

நினைவு தப்புமுன்னே நோயில் பூசுதலுக்குக் குருவானவரை அழையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் விருப்பத்தை, அவர்கள் நன்றாகப் பேசும் இந்நாளிலேயே கேட்டு வையுங்கள்.

சேசுவும் மரியாயும் பக்கத்திலிருக்க மரித்த அர்ச். சூசையப்பர், நம் வீட்டாரும் அன்புடையோர் கைபிடித்தபடி மரிக்கும் வரத்தை நமக்குப் பெற்றுத் தருவாராக.