பன்னிரண்டு ஒன்பதுகள்

தஞ்சைத் தரணியிலே சதுரமான வயல் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். பக்கம் சரியாக ஒரு கோல். மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் எத்தனை கோல்? 7/5 என்பார் ஒருவர். 17/12 என்பார் மற்றொருவர். இரண்டும் உண்மைக்கு அருகில் நிற்கின்றன. இரண்டும் உண்மை அல்ல!

அந்நீளம் ஒரு பின்னமே என்று கொண்டு, அதை இயன்ற மட்டும் சுருக்குவோம். அதன் வர்க்கம் 2 ஆக வேண்டுமாதலால், மேலெண் இரட்டைப்படை என்றாகிறது. மேலெண் இரட்டையானால் கீழெண்ணும் இரட்டையாகிறது. இரண்டும் இரட்டையென்றால் இன்னும் சுருக்கலாமே! முன்னே சொன்னது பின்னே பொய்க்கிறது. ஆகவே, அது எந்தப் பின்னத்திலும் அடங்காத விகிதமுறா எண். ஆயிரம் முறை கயிறு பிடித்தாலும் கிட்டாத இம்முடிவை அறிவு நாலு வரியில் தந்துவிடுகிறது.

இதே மண்ணில், குடந்தையில் வளர்ந்த மேதை இராமானுசன். அவர் பெயரால் வழங்கும் எண் ஒன்று உண்டு. இயல் மடக்கையின் அடியெண்ணை, பையையும் 163இன் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் அளவுக்கு அடுக்கேற்றினால் அது கிடைக்கும். பதினெட்டு இலக்கங்கள், பிறகு புள்ளி, புள்ளிக்குப் பின்னே வரிசையாகப் பன்னிரண்டு ஒன்பதுகள்! முழு எண்தான் என்று எவருக்கும் தோன்றும். 1975 ஏப்ரலில் மார்ட்டின் கார்டனர் என்பார் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' ஏட்டில் அவ்வாறே எழுதினார். இராமானுசன் 1914இலேயே ஊகித்தார் என்றும் சேர்த்துக்கொண்டார். அது ஏப்ரல் மாதத்து வேடிக்கை. ஆனால், நம்பியோரும் இருந்தனர். பெரியவர் பெயர் இருந்தது. ஒன்பதுகளின் அணிவகுப்பு இருந்தது. வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டனர்!

ஆதாரம் வேண்டும் என்கிறோம் நாம். 1934இலேயே கெல்ஃபாண்டும் சினைடரும் தனித்தனியே நிறுவிய தேற்றம், அவ்வெண் முழு எண்ணுமன்று, விகிதமுறு எண்ணுமன்று என்று காட்டிவிடுகிறது. பன்னிரண்டு ஒன்பதுகளுக்கு அப்பால் 2 வருகிறது, 5 வருகிறது; மாயை கலைகிறது. இராமானுசன் இத்தகைய எண்களைத் தந்த 1914ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே 'தோராயங்கள்' என்ற சொல் உண்டு. அவர் ஏமாற்றவில்லை, பெயரை வழிபட்டோர் ஏமாந்தனர்.

ஆயிரம் ஆண்டு வழக்கம் என்கிறார்களே, அதுவும் ஒன்பதுகளின் வரிசைதான். நீளம் ஆதாரமாகாது. பிறப்பால் உயர்வு தாழ்வு என்பதை எத்தனை தலைமுறை ஏற்றது என்று கேட்பதில் பயனில்லை. நிறுவியவர் யார் என்று கேட்க வேண்டும்.

தெரியாததைத் தெரியாதென்று சொல்வதும் பகுத்தறிவே. இராமானுசனும் ஆராய்ந்த ஆய்லர் மாறிலி விகிதமுறு எண்ணா, அன்றா? இன்றளவும் எவரும் நிறுவவில்லை. கணிதம் அதற்காக நாணவுமில்லை; கதை கட்டவுமில்லை. தேடுகிறது.

குடந்தை மேதைக்கு நாம் செய்யும் சிறப்பு, கைகூப்புவதன்று, கணக்கைக் கேட்பது!